அந்நிய நுகம்

மாப்பிள்ளை வேறு சாதி என்றதும், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் உறவினர் ஒருவர் "அது அந்நிய நுகமாச்சே" என்றார். பையனும் ஞானஸ்நானம் பெற்றவன்தான்! இது தமிழ் வேதாகமத் தொடர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அதன் மூல கிரேக்கச் சொல்லில் ‘ஹெட்டெரோஸ்’ வேறு வகை, ‘ஸுகோஸ்’ நுகம். மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டாதே என்னும் உபாகமக் கட்டளையின் சாயல் அதில் உண்டு. நடை ஒவ்வாது, கழுத்துத்தான் புண்ணாகும். பவுல் விலக்கச் சொன்னது விசுவாசியாதவரோடு பிணைவதை. சாதி அதில் எங்கே வந்தது? ‘அந்நியம்’ என்றதும் நமக்கு அயலான்தான் நினைவுக்கு வருகிறான், ஏர் மறந்துபோகிறது. ‘ஒவ்வா நுகம்’ என்றிருந்தால் உழவருக்குச் சட்டென விளங்கியிருக்கும். நுகமோ தமிழுக்குப் புதிதல்ல, புறநானூற்றிலேயே உள்ள சொல். பட்டினப்பாலையில் நுகத்தின் நடு ஆணிக்குப் ‘பகல்’ என்று பெயர். நடுவுநிலை தவறாத வணிகருக்கு அதுவே உவமை.