தரங்கம்பாடியில் ஒரு வாசகர்

"பைபிள் இருக்கே, வேற புத்தகம் எதுக்கு?" கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கையில் நாவலோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து எழும் கேள்வி அது. கேட்பவர்களின் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கிறிஸ்தவ வரலாறு அந்தக் கேள்விக்கு வேறு மாதிரியான பதிலைத் தருகிறது.

சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், வரும்போது எடுத்துவரச் சொல்பவை மூன்று: விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், தோற்சுருள்கள். சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த ஒருவர் கேட்டவை இவை. அதே பவுல் ஏதென்ஸில் பேசும்போது கிரேக்கக் கவிஞர்களின் வரியைத் துணைக்கு அழைக்கிறார். அகஸ்டீன் தம் பத்தொன்பதாவது வயதில் ஞானத்தைத் தேடப் புறப்பட்டது, கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த சிசரோவின் 'ஹோர்டென்சியஸ்' என்ற நூலைப் படித்துத்தான். இதை அகஸ்டீனே எழுதி வைத்திருக்கிறார்.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் அங்கு கப்பலில் வந்து சேர்ந்தார்கள். ஊர் டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் இருவருமே ஜெர்மானியர்கள். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள். விசுவாசி ஒவ்வொருவரும் வேதத்தைத் தன் தாய்மொழியில் தானே வாசிக்க வேண்டும் என்பது லூத்தர் வழி. அப்படியென்றால் மொழிபெயர்ப்பு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், அச்சகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மிஷனரிக்குத் தமிழ் தெரிய வேண்டும்.

சீகன்பால்கு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ'னா 'ஆ'வன்னா எழுதிப் பழகினார். பிறகு அவர் அமைத்துக்கொண்ட தினசரி ஒழுங்கு அவருடைய கடிதத்தில் இருக்கிறது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பது. பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார், எழுத்தர் சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மறுபடியும் வாசிப்பு. இரவு ஏழு மணிக்குக் கண் களைத்த பிறகு வேறொருவர் வாசிக்க, இவர் கேட்பார். ஏடுகள் சுலபமாகக் கிடைக்கவில்லை. தம் எழுத்தர்களை உள்நாட்டுக்குப் பல நாள் பயணமாக அனுப்பி, பிராமண விதவைகளிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கினார்.

1708இல், தாம் சேர்த்த நூல்களுக்கு 'பிப்லியோதேகா மலபாரிகா' என்ற பட்டியலைத் தயாரித்தார். அதில் கிறிஸ்தவம், இஸ்லாம் சார்ந்த நூல்களைத் தனியாக வைத்துவிட்டு, தமிழரின் பிற நூல்களாக 119ஐக் குறிப்புகளோடு பதிவுசெய்கிறார். தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் எல்லாம் அதில் வருகின்றன. அச்சு பரவாத காலத்தில் ஒரு கடற்கரை ஊரைச் சுற்றி என்னென்ன ஏடுகள் புழங்கின என்பதற்கு இன்று நமக்கு இருக்கும் அரிய சாட்சி அது. அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

இந்த வாசிப்பு அவரை மாற்றியது. வந்த புதிதில் இந்த மக்களிடம் ஒழுங்கான மொழியோ கல்வியோ இருக்காது என்றுதான் தாம் நினைத்ததாகவும், அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகே அந்த எண்ணம் தவறென்று உணர்ந்ததாகவும் அவர் எழுதுகிறார். அதற்காக அவரை இன்றைய அர்த்தத்தில் சமய நல்லிணக்கவாதி ஆக்கிவிட முடியாது. அவர் வாசித்தது மதம் மாற்றுவதற்காக. சிலை வழிபாட்டைக் கடுமையாகச் சாடியவர். நோக்கம் அதுவாக இருந்தும், படித்தவற்றில் நல்லதென்று பட்டதை நல்லதென்றே பதிவுசெய்தார். நேர்மையான வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். தனக்கு ஒப்பாத நூலையும் அது சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எடைபோடுவது.

ஹாலேயில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி அங்கே அனுப்பினார். அவருடைய குரு ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். மிஷனரிகளை அனுப்பியது புறமதத்தை ஒழிக்க, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். "வேற புத்தகம் எதுக்கு?" என்ற நம் வீட்டுக் கேள்விக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே பயம்: படித்தால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. அத்தனை தமிழ் நூல்களைப் படித்த அதே மனிதர்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1714-15இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். அந்த ஏடுகளிலும், அவற்றுக்குப் பொருள் சொன்ன புலவரிடமும் கற்ற தமிழ் இல்லாமல் அந்த மொழிபெயர்ப்பு சாத்தியமாகியிருக்காது. வேதத்தைத் தமிழில் கொடுக்க அவர் மற்றவர்களின் நூல்கள் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. போனார், விசுவாசத்தோடுதான் திரும்பினார்.

இன்னொன்றும் இருக்கிறது. வந்த மறு வருடமே, 1707இல், பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். வேதம் வாசிப்பதற்காகத்தான் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எழுத்துத் தெரிந்த பிள்ளை அதை மட்டும்தான் வாசிக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? எல்லோரும் வாசிக்கட்டும் என்று தொடங்கிய சமயம், அவர்கள் எதை வாசிப்பார்கள் என்பதைக் கடைசிவரை கட்டுப்படுத்த முடியாது. இதை அதன் பலவீனமாகச் சிலர் பார்க்கலாம். நான் அதன் சிறப்பாகவே பார்க்கிறேன்.

சீகன்பால்கு 1719இல், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். ஹாலே ஒதுக்கி வைத்த அந்த வம்சாவளி நூல் வெளிவர 1867 ஆகிவிட்டது. அதைத் தேடி எடுத்துச் சென்னையில் பதிப்பித்த வில்ஹெல்ம் ஜெர்மான் என்பவரும் ஒரு மிஷனரிதான்.