எட்டு மணிச் செய்தி

நமது நாட்டின் தொலைக்காட்சி வரலாறு ஓர் அரசியல் கையகப்படுத்தலோடுதான் தொடங்குகிறது. 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாக ஆரம்பித்த சுயாதீன தொலைக்காட்சி சேவை, இரண்டு மாதம் நிறையுமுன், ஜூனில் அரசுடைமையாயிற்று. ‘சுயாதீனம்’ பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1982 பெப்ரவரி 15 இல் யப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல், டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கும் சர்வசன வாக்கெடுப்பு. புதிய சாதனம் முழுவதும் அப்போது ஆளுங்கட்சியின் கையில்.

தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகள் வந்ததும் நிலைமை மாறும் என்றார்கள். ஆனால் ரூபவாஹினிச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வழங்குபவர் அமைச்சர். கொடுத்த கை எடுக்கவும் கூடும் என்பதை முதலாளிமார் அறியாதவர்களல்லர். 1997 இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் பிடியில் இருத்தலாகாது என்றும் நீதியரசர்கள் கூறினர். சட்டமூலம் விழுந்தது. சுயாதீன சபையும் வரவில்லை.

2001 இல் வந்த 17 ஆவது திருத்தம் ஒரு வழி காட்டியது. தேர்தல் காலத்தில் வழிகாட்டல்களை மீறும் அரச ஒலி, ஒளிபரப்புக் கூட்டுத்தாபனங்களுக்குத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கலாம். அத்திருத்தம் சொன்ன தேர்தல் ஆணைக்குழுவோ அமைக்கப்படவேயில்லை. 2010 ஜனாதிபதித் தேர்தலில் ஆணையாளர் தயானந்த திசாநாயக்கவே அப்படியொருவரை நியமித்தார். உத்தரவுகளை எவரும் மதிக்காததால் வாக்களிப்புக்கு முன்னரே அந்நியமனத்தை மீளப்பெற்றார். கடிவாளத்தைக் கொடுத்தார்கள், குதிரையைக் கொடுக்கவில்லை. 2007 டிசம்பரில் தமது பேச்சு ஒளிபரப்பாகவில்லை என்று பிரதியமைச்சர் ஒருவர் ரூபவாஹினிக்குள் அடியாட்களோடு நுழைந்ததையும், 2018 ஒக்டோபர் 26 இரவு பிரதமர் நீக்கப்பட்ட கையோடு அரச ஊடக நிலையங்களுக்குள் ஆட்கள் புகுந்ததையும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள்.

இவையெல்லாம் கட்சிச் சண்டைகள். நமக்கு வலித்தது வேறு.

ஈஸ்டர் தாக்குதலின் பின், 2019 மே 23 அன்று, நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாக முஸ்லிம் வைத்தியர் ஒருவரைச் சாடி ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. குறிப்பாலுணர்த்தப்பட்டவர் குருநாகலில் பணியாற்றியவர். மறுநாளே கைது. பத்திரிகை மூட்டியதைத் தொலைக்காட்சி விசிறியது. வைத்தியசாலை வாசலில் முறைப்பாட்டோடு நின்ற தாய்மாரின் முகங்கள் இரவுச் செய்தியில் வந்தன. முகத்துக்கு முன் தர்க்கம் எம்மாத்திரம்? ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய ஆண்டு அது. அச்சத்துக்கு நல்ல விலை இருந்தது. எங்களில் பலர் தமிழ்ச் செய்தி மட்டும் பார்க்கிறவர்கள். அயலூர்ச் சிங்கள வீட்டில் எட்டு மணிக்கு என்ன ஓடியது என்பது, மறுநாள் பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகவே இருந்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

குற்றச்சாட்டுக்குச் சான்றில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூனிலேயே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் பிணை கிடைத்தது. சான்றில்லை என்ற செய்திக்குக் காட்ட முகமில்லை. அதனால் அது ஓரிரு வாக்கியங்களில் முடிந்தது. வைத்தியர் கட்டாய விடுமுறையிலேயே வைக்கப்பட்டார். 2022 இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அவரது நிலுவைச் சம்பளம் வந்தது. இருபத்தாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அத்தொகையை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த நோயாளருக்கு மருந்து வாங்கும்படி சுகாதார அமைச்சிடமே கொடுத்துவிட்டார்.