மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கு

"ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிங்ல ஸ்பெஷலைஸ் பண்ணா எதிர்காலம் இருக்கா, இல்ல கிளவுட் பக்கம் போயிடலாமா?" இந்தக் கேள்விக்கான பதிலை இன்னைக்கு விழுப்புரம் மாவட்டத்துல, திருவெண்ணெய்நல்லூர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருது. புத்தூரில் நம்பியாரூரருக்கு, அதாவது சுந்தரருக்கு, கல்யாணம். ஒரு முதியவர் வந்து, ஆரூரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலைப்படி அவர் தனக்கு அடிமை என்கிறார். ஆரூரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். முதியவர் அசரவே இல்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கு!

அந்த ஊரில் சபை கூடுது. கரணத்தான் ஓலையை வாசிக்கிறார். அதோடு விடவில்லை. பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. வந்தவர் சிவபெருமான் என்பது புராணம். ஆனா அந்த நடைமுறையை நம்ம மொழியில் சொன்னா: வேறு ஊரில் ஒரு பிரதி, பாதுகாப்பான காப்பகம், பிரதி உண்மையானதான்னு சரிபார்க்க ஒரு வழி, அதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆள்.

இப்போ 1990-கள். பெரும்பாலும் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி டிஸ்க். ஒன்றில் இடம் காலியா கிடக்கும், இன்னொன்று நிரம்பி வழியும். டிஸ்க்குகளை ஒரே இடத்தில் வைத்து, தனி நெட்வொர்க்கில் எல்லா சர்வரையும் இணைத்தா என்ன? அதுதான் சான். இதற்கான ஃபைபர் சேனல் தரநிலை 1994-இல் வந்தது. 1995-இல் தொடங்கிய புரோகேட் நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவர், மைசூர் பல்கலைக்கழகத்தில் படித்த குமார் மாலவள்ளி.

2006-இல் அமேசானின் எஸ்3 வந்ததும், ஸ்டோரேஜ் வேலை முடிஞ்சதுன்னு பேச ஆரம்பிச்சாங்க. ஒரு பகுதி உண்மைதான். திரையில் நாலு கிளிக் பண்ணி இடம் ஒதுக்கித் தரும் வேலை சுருங்கிப்போச்சு. ஆனா 2017-இல் பிராட்காம் அதே புரோகேடை சுமார் 550 கோடி டாலருக்கு வாங்கியது. செத்துப்போன தொழிலுக்கு யாரும் அவ்வளவு பணம் கொடுக்க மாட்டாங்க.

காரணம், கிளவுட்டாலும் மாற்ற முடியாத சில விஷயங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிரதிக்குப் போய்வர 1 மில்லிசெகண்ட். ஒவ்வொரு எழுத்தும் அங்கே பதிவாகும்வரை காத்திருந்தா, தூரம் கூடக்கூட வேகம் குறையும். காத்திருக்காம விட்டா, விபத்தில் கடைசி சில நொடிகளின் தரவு போகலாம். பிரதியைப் பக்கத்திலேயே வைத்தா, 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரி ஒன்று இரண்டையும் சேர்த்தே முடக்கலாம். 2018-இல் ரிசர்வ் வங்கி, பணப்பரிவர்த்தனைத் தரவை இந்தியாவில்தான் சேமிக்கணும்னு சொல்லிடுச்சு. ஆக, நினைச்ச நாட்டுக்கும் அனுப்ப முடியாது.

இதை எடைபோட்டு முடிவு சொல்றவங்களுக்குத்தான் மதிப்பு. அதனால ஒரே கம்பெனியின் சாதனத்தை மட்டும் படிக்காதீங்க. லேட்டன்சி, ரெப்ளிகேஷன், மீட்டெடுப்பு, இந்த மூன்றையும் ஆழமா படிங்க. கிளவுட்டிலும் அதேதான் உதவும். பேக்கப் எடுத்தேன்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. அதைத் திரும்ப எடுத்து, அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்னு சொல்ற ஆளைத்தான் வேலைக்கு எடுக்கணும்.