ஹைதரின் தோட்டமும் கோடைகால நீரும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் சாலையில், பெருமுக்கல் என்னும் சிற்றூரையொட்டிப் பாறைக்குன்று ஒன்று நிற்கிறது. உச்சியில் சோழர்காலச் சிவாலயம். அதைச் சுற்றிச் சிதைந்த கோட்டை மதில். ஆங்கிலேயரின் போர்க்குறிப்புகளில் 'பெர்மாகோயில்' என்று வருவது இவ்வூரே. 1760ஆம் ஆண்டில் அயர் கூட் இதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். 1782இல் ஹைதர் அலீயின் படையும் அவருக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும் இதை மீட்டன. 1791இன் தொடக்கத்தில் திப்பு சுல்தானும் இக்கோட்டையை வென்றார்.

இவ்விருவரின் போர்களைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். ஆனால், பெருமுக்கல் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே 1760இல்தான் ஹைதர் பெங்களூரில் லால்பாக் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார் என்பது பெரும்பாலும் ஓர் ஓரக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. தந்தை தொடங்கியதை மகன் விரிவுபடுத்தினார். 1788இல் திப்பு பதினாறாம் லூயி மன்னரிடம் அனுப்பிய தூதுக்குழு, படையுதவியோடு விதைகளையும் தோட்டக்கலைஞர்களையும் சேர்த்தே கேட்டது. போர்க்களத்தில் நின்றவர் ரோஜாச் செடிக்கு நேரம் ஒதுக்கியது விந்தையாகத் தோன்றலாம். வறண்ட மேட்டு நிலத்தில் நீரை ஆளத் தெரிந்தவனே நாட்டை ஆள்வான் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அத்தோட்டத்தின் அமைப்பைத் திப்பு ஷஹீதாகி ஓராண்டுக்குப் பின், 1800இல், அங்குச் சென்ற பிரான்சிஸ் புக்கானன் விவரித்துள்ளார். நிலம் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடைபாதைகளின் இருமருங்கிலும் சைப்ரஸ் மரங்கள். ஒரு சதுரம் முழுவதும் ரோஜா, மற்றொன்று முழுவதும் மாதுளை என ஒவ்வொரு பாத்திக்கும் ஒரே இனம். ஹைதரின் பகுதிக்கு ஏரி நீர் வந்தது. திப்புவின் பகுதிக்குக் கிணறுகளிலிருந்து மாடுகள் தோற்பையால் நீர் இறைத்தன. அதாவது நம் கமலை. ஏற்றத்தைவிட இதுவே மேல் என்று வேலையாட்கள் கூறியதையும் அவர் குறித்துக்கொண்டார். ஓரினத்தை ஒரு பாத்தியில் வைப்பது அழகுக்காக மட்டுமன்று. ஒரே அளவு தாகமுள்ள செடிகள் ஓரிடத்தில் இருந்தால் கோடையில் ஒவ்வொரு பாத்திக்கும் வேண்டிய நீரை மட்டும் திருப்பிவிடலாம்.

அந்நீரைத் திருப்பிய கைகள் திகளருடையவை. பெங்களூரின் தோட்டக்காரச் சமூகமான இவர்கள் தமிழ் மரபினர். ஹைதரே இவர்களைத் தமிழகத்திலிருந்து அழைத்துச் சென்றார் என்பது செவிவழிச் செய்தி. அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தனர் என்போரும் உளர். இவர்கள் எடுக்கும் கரக ஊர்வலம் ஆண்டுதோறும் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று செல்கிறது.

தோட்டத்தைப் பாத்திகளாக வகுக்கும் இம்முறையின் வேர் நெடியது. ஆக்ராவின் வெயிலையும் ஓடும் நீரில்லாக் குறையையும் கண்டு மனம் சலித்த பாபர், அங்குத் தோட்டம் அமைக்கத் துணிந்தபோது முதலில் கிணறு தோண்டினார். மேற்கே, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், இஷ்பீலியா நகரத்து இப்னுல் அவ்வாம் தம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் பற்றி எழுதினார். செடியின் அருகே நீர் நிரம்பிய மண்கலத்தைப் புதைத்துவைக்கும் முறையையும் அந்நூல் கூறுகிறது. மண் காயக் காய, கலத்தின் சுவர் வழியே நீர் கசிந்து வேரை அடையும். 1802இல் இந்நூல் மத்ரீதில் ஸ்பானிய மொழியாக்கத்துடன் அச்சேறியது.

இம்மரபில் இல்லாத ஒன்று, கத்தரித்த வெற்றுப் புல்வெளி. 'ஜன்னத்' என்னும் சொல்லின் வேருக்கே மூடுதல், மறைத்தல் என்பதுதான் பொருள். மரங்கள் அடர்ந்து தரையை மறைத்த இடமே தோட்டம். ஆண்டு முழுவதும் தூறல் விழும் இங்கிலாந்தில் புல் தானே பசுமையாக இருக்கும். அதை வெப்ப நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதன் தாகத்தையும் உடன் கொண்டுவந்தனர். கர்சன் பிரபு காலத்தில் தாஜ்மஹாலின் அடர்ந்த மரங்கள் குறைக்கப்பட்டுப் புல்வெளி விரிந்தது. இன்று நாம் அதையே முகலாயத் தோட்டம் என்று படம் எடுத்துக்கொள்கிறோம்!

பெருமுக்கல் முதல் மரக்காணம் வரையிலான பகுதிகளில் புதிதாக வீடு கட்டுவோரும் முற்றத்தில் புல் விரிக்க விரும்புகின்றனர். கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து அளவின்றி நீரை இறைத்தால் உவர்நீர் உள்ளே ஏறும். அந்நீரை வெயிலில் தெளித்தால் இலைநுனி கருகும். நீர் ஆவியாக, உப்பு மேல்மண்ணில் தங்கும். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்யும்போதும் வீண்விரயம் கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் இதில் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

புல் வேண்டியே தீருமெனில் அருகம்புல் போதும். கோடையில் அதை ஒட்டக் கத்தரிக்காமல் இரண்டங்குலமேனும் விட்டுவைத்தால் அதன் நிழலே வேரைக் காக்கும். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு அதிகாலையில் ஆழமாக நனைப்பது நன்று. வேர் கீழே இறங்கும். மற்ற இடத்தில் வேம்பு, மாதுளை, நெல்லி, மருதாணி ஆகியவற்றை வைத்து, அடியில் தென்னை மட்டையும் சருகும் கொண்டு மூடாக்கு இடலாம். இளஞ்செடிகளுக்கு இப்னுல் அவ்வாமின் முறையே ஏற்றது. மெருகிடாத சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். வாயை ஓட்டுச்சில்லால் மூடிவைக்க வேண்டும். இல்லையேல் கொசு முட்டையிடும்.