விதியா உடைத்தது?

அணை உடைந்தால் ஆண்டவன் சினம் என்பர் சிலர். நாம் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

பசிபிக் கடலிலே ஹவாயி. அங்கே கவாய் எனும் தீவு. கரும்புத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்ச 1890இல் எழுந்தது கலோகோ எனும் மண்ணணை. 2006 மார்ச் 14, விடியற்காலை அது உடைந்தது. ஏழு உயிர்களை விழுங்கிற்று.

மழை கொட்டியது, மறுக்கவில்லை. ஆனால், மிகுநீர் வழியும் கலிங்கு தூர்க்கப்பட்டிருந்ததே உடைப்புக்குக் காரணமாகலாம் என்றது 2007இல் வந்த விசாரணை அறிக்கை.

அதனினும் கொடியது, அரசு ஏட்டிலிருந்த ஒரு சொல்: 'குறைந்த அபாயம்'. அபாய வகை அணையின் உறுதியை அளப்பதன்று. உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்பதை அளப்பது. பாறைபோல் நிற்கும் அணையும், அடியில் ஊரிருந்தால் உயர் அபாய அணையே! கலோகோவின் கீழே மக்கள் வாழ்ந்தனர், ஏடோ திருந்தவில்லை. அரசின் பாதுகாப்பு ஆய்வு ஒருமுறையேனும் நடக்கவில்லை. புதிய அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2007இல். உயிர்கள் போன பிறகு!

தோழர்களே, பழமையைக் கண்டு கைகூப்ப வேண்டாம்; கேள்வி கேட்போம். இந்த அணையின் கீழே வாழ்வோர் யார்? இதனைக் கடைசியாக ஆய்ந்தது என்று? தலையிலே எழுதியதைத் திருத்த முடியாதென்பர். ஏட்டிலே எழுதியதைத் திருத்தலாம். திருத்தச் செய்வோம்!