மின்பெட்டிப் பணியிடைவெளி

மின்பெட்டிப் பணியிடைவெளி என்பது தெருவோர மின்பகிர்வுப் பெட்டியைச் சுற்றி, மின்பணியாளர் பாதுகாப்பாக நின்று வேலை செய்வதற்காக விடப்படும் வெற்றிடம் ஆகும்.

இந்திய நடுவண் மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் (2023இல் புதுப்பிக்கப்பட்டன), 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட சுவிட்ச்போர்டுகளின் முன்புறம் குறைந்தது 1 மீட்டர் இடைவெளியை வரையறுத்தன. பின்புறம் திறந்த இணைப்புகள் இருப்பின் அங்குள்ள இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாகவோ 75 செ.மீ.க்கு மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். அதாவது, ஒன்று ஆள் நுழைய இயலாதிருக்க வேண்டும். அல்லது தாராளமாக நிற்க இடமிருக்க வேண்டும். தெருவோரப் பெட்டிகளுக்கும் இவற்றையே அளவாகக் கொள்ளலாம்.

குறுக்குச்சுற்றினால் தீப்பொறி வெடிக்கும்போது பணியாளர் பின்வாங்க இவ்விடமே உதவும். கடைப்பலகை, வண்டி, குப்பை ஆகியன இதனை அடைத்துவிடுகின்றன. விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இரும்புப் பெட்டிகள் விரைவில் துருப்பிடிக்கும். அவற்றை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருப்பதால் இவ்விடைவெளி அங்கு மேலும் இன்றியமையாததாகிறது.