பக்கவாதம்

பக்கம், உடலின் ஒரு புறம். வாதம், காற்று, சித்த மருத்துவத்தில் வாத, பித்த, கபங்களில் முதலாவது. உடலின் அசைவுகளை அதன் பொறுப்பாகவே அந்த மருத்துவம் கருதியது. வழக்காடுவதைக் குறிக்கும் ‘வாதம்’ வேறு சொல். வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் ஒரே தகரத்தில் வந்து சேர்ந்துவிட்டன. ‘பாரிச வாயு’வும் இதே பொருள்தான்: பாரிசம் என்றால் பக்கம்.

இந்தப் பெயர் கண்ணுக்குத் தெரியும் இடத்தைச் சொல்கிறது. காயமோ மூளையில். திடீரென விழுந்து இறந்தவர்களின் மூளையில் இரத்தக் கசிவு இருந்ததை சுவிட்சர்லாந்தின் யோஹான் வெப்ஃபர் 1658இல் எழுதினார். இரத்தக் குழாய் வெடிப்பது ஒருவகை; அடைத்துக்கொள்வதே அதிகம்.

இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுவதால், இடது மூளை பழுதானால் வலக்கை விழும். பெரும்பாலோருக்குப் பேச்சும் இடது மூளையிலேயே இருப்பதால் சொற்களும் சேர்ந்து போகலாம். நினைப்பு உள்ளே இருக்கும், சொல் வராது. அவர்களை அறிவு மங்கியவர்களாக நடத்துவது கொடுமை. வலது மூளை பழுதானால் சிலருக்கு இடப்புறமே கவனத்தில் படாது. கண் நன்றாக இருந்தும், இலையின் இடப்பாதிச் சோறு அப்படியே கிடக்கும்.

வாயு என்று நம்பி எண்ணெய் தேய்ப்பதில் முதல் மணி நேரங்களை இழந்துவிடக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேனில் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.